உன் ரோஜாச்செடி சிலந்தி

ஏய் சுமதி,

எப்படி இருக்க? தோட்டமே கதின்னு கிடக்கேன்னு எழுதியிருந்தியே, படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, காலேஜ்ல கரப்பான்பூச்சிக்கு பெஞ்சு மேல ஏறி நின்னவ இப்ப சிலந்தியை குளோசப்ல போட்டோ எடுக்கறா! இங்க எல்லாரும் நல்லாருக்கோம், முட்டிவலிதான் விட்டபாடில்ல.

சரி, உன் ரோஜாச்செடில இருக்கற பச்சை சிலந்தி என்னதுன்னு போட்டோ அனுப்பிக் கேட்டிருந்தியே, அதுக்கு வரேன். கலரை வச்சு பேர் தேடாத, பச்சைல எத்தனையோ இருக்கு. முட்டையை எப்படி வச்சிருக்குன்னு முதல்ல பாரு. ஓநாய் சிலந்தின்னா முட்டை உருண்டையை பின்னாடி ஒட்டவச்சு இழுத்துட்டே ஓடும், பொரிச்சதும் குஞ்செல்லாம் அம்மா முதுகுல ஏறிக்கும். வீட்டு மூலைல ஒல்லிக்காலோட தொங்குமே, அது முட்டைக் கொத்தை வாயிலயே கவ்விக்கிட்டு இருக்கும்.

உன்னோடது செடி நுனில முட்டைப் பையை நூலால இழுத்துக் கட்டி அது மேலயே கவுந்து கட்டிப்பிடிச்சிட்டு இருக்கு. ஸூம் பண்ணிப் பாத்தேன், காலெல்லாம் கருப்பு முள்ளு நட்டுக்கிட்டு நிக்குது, ஆறு கண்ணு அறுகோணமா, அதுக்குக் கீழ குட்டியா இன்னும் ரெண்டு. சந்தேகமே இல்ல, பச்சை லிங்ஸ் சிலந்திதான், அந்தப் பேரினத்தை பியூசீஷியாம்பாங்க. இரை பிடிக்க வலை கட்டாது, இலை பூன்னு பதுங்கியிருந்து பாய்ஞ்சு பிடிக்கும். அதுல எந்த இனம்னு போட்டோவை வச்சு அடிச்சு சொல்ல மாட்டேன், அதுக்கெல்லாம் மைக்ரோஸ்கோப் வேணும்.

வயிறு ஒட்டிப்போச்சே, நோயான்னு கேட்டிருந்த. முட்டை போட்டா வயிறு வத்தத்தானே செய்யும், அதோட பையை விட்டுட்டு வேட்டைக்கும் போகாது, கிட்ட வந்து மாட்டுறதுதான் சாப்பாடு. அமெரிக்காவுல இருக்கற பச்சை லிங்ஸ் இருக்கே, அது யாராச்சும் நெருங்கினா விஷத்தையே பீச்சி அடிக்கும், எறும்பு ஏறினா கட்டியிருக்கற நூலை அறுத்து பையை அந்தரத்துல தொங்கவிட்டுடும், இவ்வளவுக்கும் உடம்பு ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும்! குஞ்சு வெளிய வர்ற நேரத்துல அம்மாவே பையைக் கிழிச்சு வழி விடும், அதனால அம்மாவைத் துரத்திட்டு பையை மட்டும் பாட்டில்ல வளக்கலாம்ங்கற உன் பேரன் ஐடியா வேணாம்.

அந்தக் கிளையை இப்போதைக்கு கவாத்து பண்ணாத, மருந்தும் அடிக்காத. குஞ்சு வந்ததும் போட்டோ அனுப்பு, ஃபிளாஷ் போடாம எடு, இந்த தடவை பாதி வெளுத்துப் போச்சு.

உன்
வசந்தி