நோ-ஹிட்டர் வேறு, பெர்ஃபெக்ட் கேம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளியான பேஸ்பால் செய்தியொன்றில், ஒரு ஹிட்டும் (பேட்டர் பந்தை அடித்து, பேஸ் எனும் ஓட்டத் தளத்தைப் பாதுகாப்பாக எட்டுவது) கொடுக்காமல் பந்து வீசி முடித்த பிட்சர் 'பெர்ஃபெக்ட் கேம்' சாதனை படைத்ததாகத் தலைப்பிட்டிருந்தீர்கள். அதே செய்தியின் கடைசிப் பத்தியிலோ, அவர் இரண்டு பேட்டர்களுக்கு வாக் (அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகும் வாய்ப்பு) கொடுத்தார் என்றும் இருந்தது. தலைப்பு தவறு என்பதற்கு அந்தப் பத்தியே சாட்சி.

ஹிட் கொடுக்காத ஆட்டத்துக்கு நோ-ஹிட்டர் என்று பெயர். பெர்ஃபெக்ட் கேம் அதைவிடக் கடுமையானது. 'பால்' எனப்படும் தவறான வீச்சு நான்கைப் பெற்று நடந்தோ (அதுவே வாக்), பந்து உடம்பில் பட்டோ, ஃபீல்டரின் பிழையாலோ, பேட்டரை அவுட்டாக்கியிருக்க வேண்டிய மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்கத் தவறியதாலோ, எந்த வழியிலும் எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டியிருக்கக் கூடாது. பேஸ்பாலின் 9 இன்னிங்ஸில் 27 பேர் வந்து 27 பேரும் அவுட்டாக வேண்டும். பேஸ்பாலை ஒத்த, 7 இன்னிங்ஸ் கொண்ட சாஃப்ட்பாலில் அந்த எண்ணிக்கை 21. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஃபவுலாக எழும்பிய பந்தை ஃபீல்டர் நழுவவிட்டால் அவர் கணக்கில் பிழை ஏறும். ஆனால் அந்த பேட்டர் பின்னர் அவுட்டாகிவிட்டால் பெர்ஃபெக்ட் கேமுக்குப் பங்கமில்லை. பார்க்க வேண்டியது பிழை நடந்ததா என்பதையல்ல, யாரேனும் பேஸுக்குப் போனார்களா என்பதைத்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆட்டம் முடியும்வரை அந்த நிலை நீடிக்க வேண்டும். 1959 மே 26 அன்று பிட்ஸ்பர்க் அணியின் பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ், மில்வாக்கி அணியின் 36 பேட்டர்களை வரிசையாக அவுட்டாக்கி 12 இன்னிங்ஸைக் கடந்தார். அவருடைய அணியோ ஒரு ரன்கூட எடுத்துத் தராததால், ஆட்டம் 9 இன்னிங்ஸில் முடியாமல் நீண்டது. 13-ஆவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸ்காரர் டான் ஹோக்கின் தவறான எறிதலால் ஒருவர் பேஸை எட்ட, ஹாடிக்ஸ் அந்த ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றே போனார். குறைந்தது 9 இன்னிங்ஸ், அதுவும் ஆட்டத்தின் முடிவுவரை என்று அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் 1991-இல் வரையறையை இறுக்கியபோது, அவருடைய ஆட்டம் பட்டியலில் இடம்பெறாமல் போனது. மனம் ஒப்பாவிட்டாலும், விதி சரியென்றே எனக்குத் தோன்றுகிறது.

சாஃப்ட்பாலில் இந்த இறுக்கம் எல்லா இடத்திலும் இல்லை. ரன் வித்தியாசம் பெரிதானால் ஐந்தே இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துவைக்கும் விதி அங்கே உண்டு. அப்படி முடிந்த ஆட்டத்தையும் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் பெர்ஃபெக்ட் கேமாகவே பதிகிறார்கள். ஆகவே சாஃப்ட்பால் செய்தியில் எத்தனை இன்னிங்ஸ் என்பதைச் சேர்த்து எழுதுவது நல்லது.

நடுவரின் கண்ணுக்கும் இதில் பங்குண்டு. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் அணியின் பிட்சர் அர்மாண்டோ கலரகா 26 பேரை அவுட்டாக்கியிருந்தார். 27-ஆவது பேட்டர் அடித்த பந்தை மிகெல் கப்ரேரா எடுத்து எறிய, முதல் பேஸில் கால் வைத்து கலரகாவே அதைப் பிடித்தார். ஓடி வந்தவர் ஓரடி பின்னால் இருந்தார். நடுவர் ஜிம் ஜாய்ஸோ 'சேஃப்' என்று இரு கைகளையும் விரித்தார். கலரகா ஒரு புன்னகையோடு திரும்பிப் போய் அடுத்தவரை அவுட்டாக்கினார். அன்றிரவே நடுவர் தன் தவற்றை ஒப்புக்கொண்டார்; மறுநாள் ஆட்டத்துக்கு முன் கலரகா வீரர் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். அப்படியிருந்தும் பதிவேடு மாறவில்லை. ஹிட் என்று எழுதியது ஹிட்டாகவே நிற்கிறது.

இவ்வளவு கறாராகக் கணக்கு வைத்ததால்தான், 1880 முதல் 2023 வரை மேஜர் லீக் பட்டியலில் 24 ஆட்டங்களே இடம்பெற்றுள்ளன. அந்த லீகின் இறுதிக்கட்டமான உலகத் தொடரில் 1956-இல் டான் லார்சன் வீசியது ஒன்றுதான். தாங்கள் தலைப்பில் போட்ட ஆட்டம் அந்தப் பட்டியலில் சேராது. திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய செய்தி வரும்போது, ஹிட் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வாக், பிழைக் கட்டங்களையும் உதவி ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்