தைபே 101-க்குக் கீழே நான்கு வரிசை வீடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த தைவான் பயணக் கட்டுரையில் தைபே 101 கோபுரத்துக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியவர், அதிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் சிசினான்சுன் குடியிருப்பை மட்டும் 'கோபுரத்தோடு செல்ஃபி எடுக்க ஏற்ற இடம், ஜப்பானியர் காலத்து ராணுவ வீடுகள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். செல்ஃபி விஷயம் சரிதான், நானும் எடுத்தேன். ஆனால் 1945 வரை தைவானை ஆண்ட ஜப்பானியர் அங்கே விட்டுப்போனது ராணுவக் கிடங்குகளைத்தான். வீடுகள் அப்புறம் வந்தவை, வேறு ஆட்களுக்காகக் கட்டியவை. அந்த ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சீன உள்நாட்டுப் போரில் சியாங் கை-ஷேக்கின் தேசியக் கட்சிப் படை கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுக்கொண்டிருந்த சமயம், சிங்தாவ் நகரத்தில் இருந்த 44ஆம் எண் ஆயுதத் தொழிற்சாலை இயந்திரம், தொழிலாளி, பெண்டாட்டி பிள்ளை எல்லாமுமாகக் கப்பலேறி 1948 வாக்கில் தைபே வந்து சேர்ந்தது. தொழிற்சாலை அந்தக் கிடங்குகளுக்குள் போய்விட, அதற்குத் தெற்கே தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடுகள் எழும்பின. கிழக்கிலும் மேற்கிலும்கூட இப்படிக் குடியிருப்புகள் இருந்தன, இன்று அவை இல்லை. வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர், தாழ்ந்த கூரை, நெருக்கிக் கட்டிய சின்ன அறைகள், கழிப்பறை எல்லோருக்கும் பொது.

யாரும் அங்கேயே தங்கப்போவதாக நினைக்கவில்லை என்பதுதான் காரணம். 'ஒரு வருஷம் தயாராவோம், இரண்டாம் வருஷம் திருப்பித் தாக்குவோம், மூன்றாம் வருஷம் எதிரியைத் துடைத்தெறிவோம், ஐந்தாம் வருஷம் வெற்றி' என்று தைவானுக்குப் பின்வாங்கிய சியாங்கின் அரசாங்கமே முழங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்தில் ஊர் திரும்பப்போகிறவன் தேக்கில் கதவு போடுவானா? ஆனால் அந்தத் தற்காலிக வீடுகளில் 1999 வரை ஆட்கள் குடியிருந்தார்கள். சீனாவில் விட்டுவந்த அப்பா அம்மாவை, சிலர் விஷயத்தில் மனைவியை, போய்ப் பார்த்துவர அனுமதி கிடைத்ததே 1987 நவம்பரில்தான். அதற்குள் பார்க்க வேண்டியவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

தைவான் முழுக்க இப்படி எண்ணூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருந்தன. அரிசி, மாவு, எண்ணெய், உப்பு எல்லாம் அரசு தந்த அட்டைக்குக் கிடைத்தன. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவுச் சாக்கைக்கூட யாரும் வீணாக்கவில்லை, பிரித்துத் துவைத்துப் பிள்ளைகளுக்கு உள்ளாடை தைத்தார்கள். சாக்கில் அச்சடித்திருந்த, கைகுலுக்கும் இரண்டு கைகளும் 'நிகர எடை' என்ற எழுத்தும் பையனின் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிசினான்சுன்னில் பழைய வீட்டுச் சாமான்களை வைத்திருக்கும் கண்காட்சி அறையில் நின்றபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தைவானில் இருந்தவர்களுக்கு இவர்கள் சீனாவிலிருந்து ஆளவந்த தேசியக் கட்சியின் ஆட்கள். 1947 பிப்ரவரிக் கலவரத்தில் அந்த ஆட்சியின் படை உள்ளூர்க்காரர்களைக் கொன்றதும், 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம் இருந்ததும் அவர்களுக்கு மறக்காது. ஆகவே இந்தக் குடியிருப்புகளைக் காப்பாற்றுவதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி உருக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என்றாலும், பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற தொழிலாளியையும் ஆட்சியில் இருந்தவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகப் படவில்லை.

பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 1996இல் சட்டம் வந்தது. கோபுரம் நிற்கும் ஷின்யீ பகுதியில் நிலம் என்ன விலை விற்கும் என்று சொல்லவே வேண்டாம். சிசினான்சுன்னில் நான்கு கட்டடங்களை மட்டும் நிறுத்திவைத்து 2003இல் பொதுமக்கள் கூடும் இடமாகத் திறந்தார்கள். சாம்பல் சுவர், உரிந்த பூச்சு, அதற்குப் பொருந்தாத பளிச்சென்ற நீலமும் பச்சையுமான கதவுகள், நடுவில் ஒரு புல்மேடு, அதற்கு மேலே 508 மீட்டர் கோபுரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்தியது வேறு. நான் போன அன்று காபிக்கடையில் உட்கார இடமில்லை, கைவினைப் பொருள் விற்கும் பக்கமும் அப்படியே. கண்காட்சி அறையில் என்னோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்திருந்தால் அதிகம். கட்டடத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான், இடித்திருந்தால் இதுவும் இருந்திருக்காது. ஆனால் அங்கே இருந்தவர்களின் கதையைக் காபிக்கு அப்புறம் நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற இடத்தில் வைத்துவிட்டார்கள்.

தெற்கே காவ்சியுங் நகரம் இதை வேறு மாதிரி செய்கிறது. ஃபெங்ஷானில் உள்ள ஹுவாங்பு குடியிருப்பின் பழைய வீடுகளை, பழுதுபார்த்து அங்கேயே குடியிருக்கத் தயாராக உள்ளவர்களிடம் நகராட்சி ஒப்படைக்கிறது. பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. செலவு பிடித்த வேலைதான், எல்லோராலும் முடியாது. ஆனால் அந்த வீட்டு அடுப்பில் சோறு வேகும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் காவ்சியுங் போவதாக எழுதியிருக்கிறார். துறைமுகத்தையும் இரவுச் சந்தையையும் எழுதட்டும், ஆனால் ஃபெங்ஷானுக்கு ஓர் அரை நாள் ஒதுக்கி, அங்கே குடிவந்திருப்பவர்கள் யாரிடமாவது கூரை ஒழுகுகிறதா, செலவு கட்டுப்படியாகிறதா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்படியே அந்த 'ஜப்பானியர் காலத்து' என்பதற்கும் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்