கணினியும் உங்கள் பிள்ளையும்: பெற்றோருக்கு அதிபர் எழுதும் கடிதம்

திருகோணமலை

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். பழைய மாணவர் சங்கத்தின் உதவியால் நமது பாடசாலையின் கணினி அறை இந்தத் தவணை முதல் தரம் 6 பிள்ளைகளுக்கும் திறக்கப்படுகிறது. இதுவரை தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுத்த மேல் வகுப்பு மாணவர்கள் மட்டுமே அங்கு போய்வந்தார்கள். அறிவித்தல் பலகையில் செய்தி வெளியான நாளிலிருந்து உங்களில் பலர் என்னை வந்து சந்தித்தீர்கள். சிலர் மகிழ்ந்தீர்கள். "இனிப் பிள்ளை வாய்ப்பாடு பாடமாக்க வேண்டியதில்லையா, சேர்?" என்று சிலர் கேட்டீர்கள். ஒரு தாயார், "அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. மகன் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை" என்றார். அந்தத் தாயாரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பிள்ளை என்ன படிக்கிறது என்பது தெரியாமல் எந்தப் பெற்றோரும் ஒதுங்கி நிற்கக் கூடாது.

கணினி என்றால் மேசை மீதிருக்கும் பெட்டி என்றே பலரும் நினைக்கிறோம். உங்கள் கைத்தொலைபேசியும் கணினிதான். வங்கி வாசலில் பணம் எடுக்கும் இயந்திரத்துக்குள்ளும், கடலுக்குப் போகும் படகில் இடம் காட்டும் ஜீபீஎஸ் கருவிக்குள்ளும் கணினி இருக்கிறது. தரவை உள்ளே வாங்கும், நினைவில் வைத்திருக்கும், கொடுத்த கட்டளைப்படி அதை மாற்றும், விடையை வெளியே காட்டும். எல்லாக் கணினிகளும் செய்வது இவ்வளவுதான். மற்ற இயந்திரங்களிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது, கட்டளையை மாற்றினால் வேலையும் மாறிவிடும் என்பதே. தையல் இயந்திரம் தைக்க மட்டுமே செய்யும். காலையில் வினாத்தாள் தட்டெழுதிய கணினியோ மாலையில் புள்ளிகளைக் கூட்டும், இரவில் படம் காட்டும். அந்தக் கட்டளைத் தொடரைத்தான் செய்நிரல் என்கிறோம். அதை எழுதியவர் எங்கோ இருக்கும் ஒரு மனிதர் என்பதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

உள்ளே இருப்பதெல்லாம் எண்கள். அதுவும் 0, 1 என்ற இரண்டு குறிகளால் எழுதப்படும் எண்கள். தரம் 8 பிள்ளைகளிடம் நம் ஊர்ப் பெயரைத் தட்டெழுதச் சொன்னேன். திருகோணமலை என்பதில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டபோது, தி, ரு, கோ, ண, ம, லை என்று விரல்விட்டு எண்ணி "ஆறு" என்றார்கள். ஒரு சிறு செய்நிரலை எழுதி அதே கேள்வியைக் கணினியிடம் கேட்டோம். திரையில் 10 என்று வந்தது. வகுப்பே கலகலத்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். யுனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டில் 'த' என்பதற்கு 2980 என்று ஓர் எண் உண்டு. அதன் மேல் ஏறும் இகரக் குறிக்கு 3007 என்று தனி எண். ஆகவே 'தி' என்பது கணினிக்கு இரண்டு. ரு, கோ, லை ஆகியவையும் அப்படியே. குறி எதுவும் இல்லாத ண, ம இரண்டும் ஒவ்வொன்று. மொத்தம் பத்து. அந்த 2980-ஐயும் கணினி 101110100100 என்றே வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை எழுந்து, "அப்படியானால் அதற்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது. கோணேசர் கோயில் எந்த மலையில் இருக்கிறது என்பதும் தெரியாது. எண்களை இடம் மாற்றி வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் அதை எத்தகைய வேகத்தில் செய்கிறது! சாதாரணக் கணினி ஒன்றின் மூளைப் பகுதி விநாடிக்கு ஏறத்தாழ 300 கோடி தடவை துடிக்கிறது. அமெரிக்காவில் 1945-இல் கட்டி முடித்த எனியாக் என்ற கணினி 30 தொன் எடை கொண்டது. அதற்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஆளிகளாக ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது விநாடிக்கு 5,000 கூட்டல்கள் செய்ததையே அன்று உலகம் வியந்து பார்த்தது. 1971-இல் வந்த இன்டெல் 4004 என்ற சிறு சிலிக்கன் சில்லில் அதே வேலையைச் செய்யும் 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய உயர்ரகக் கைத்தொலைபேசிச் சில்லுகளில் ஆயிரம் கோடிக்கும் மேல். களைப்பு இல்லை, சலிப்பு இல்லை. ஆயிரமாவது தடவை செய்யும் கூட்டலையும் முதல் தடவை செய்ததைப் போலவே செய்யும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும். இவற்றையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு மறுப்பது அநியாயம். நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நூலகத்துக்குப் போக முடியாத பிள்ளைக்கு இது பெரிய வாசல்.

அதே பிள்ளைக்கு இதன் எல்லைகளும் தெரிய வேண்டும்.

கொடுத்த தரவு சரியா என்று கணினி பார்ப்பதில்லை. ஒரு பிள்ளையின் 76 புள்ளியை 67 என்று பதிந்துவிட்டால், பிழையான எண்ணை வைத்துச் சராசரியைப் பிழையில்லாமல் கணித்து, அழகாக அச்சிட்டுத் தரும். அச்சில் வந்துவிட்டால் எவரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் ஆபத்து. முதல் கணினி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1843-இல், அடா லவ்லேஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இதை எழுதிவிட்டார். சார்ள்ஸ் பபேஜ் வடிவமைத்த கணிப்பு இயந்திரத்தைப் பற்றிய குறிப்புகளில், அது தானாக எதையும் தோற்றுவிக்காது, செய்விக்க நமக்குத் தெரிந்ததையே செய்யும் என்றார். பெண் பிள்ளைக்குக் கணினி எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கும் இந்தப் பெயரைச் சொல்லி வைக்கிறேன்.

விடைக்குப் பின்னால் அலகு எழுதாவிட்டால் விஞ்ஞான ஆசிரியர் புள்ளி குறைக்கிறார் என்ற முறைப்பாடு ஒவ்வொரு தவணையும் என்னிடம் வருகிறது. 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போன அமெரிக்க விண்கலம் ஒன்று அங்கு போய்ச் சேர்ந்த வேளையில் தொலைந்து போனது. ஒரு தரப்பின் மென்பொருள் விசைக் கணக்கைப் பவுண்ட் அலகில் தந்தது. மறு தரப்பின் மென்பொருள் அதை நியூட்டன் என்ற வேறோர் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. கணினிகள் இரண்டும் தம் கணக்கைச் சரியாகவே செய்தன. அலகைக் கவனிக்க வேண்டியது மனிதர்கள். நமது ஆசிரியர் புள்ளி குறைப்பது சரி. தொடர்ந்தும் குறைப்பார்.

கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் நம் ஊரைத் தாக்கிய புயலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இன்று வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் செய்மதிப் படங்களையும் கணினிக் கணிப்புகளையும் வைத்துச் சில நாட்கள் முன்கூட்டியே எச்சரிக்கை தர முடிகிறது. அந்த எச்சரிக்கையைத் தட்டாமல் கேளுங்கள். அப்படியானால் அடுத்த மாதம் எந்த நாளில் கடல் அமைதியாக இருக்கும் என்பதையும் கணினி சொல்லிவிடாதா? சொல்லாது. எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர் 1961-இல் தம் கணினியில் ஒரு கணிப்பை மறுபடி ஓட்டினார். கணினிக்குள் 0.506127 என்று இருந்த எண்ணை, அச்சுத்தாளில் இருந்தபடி 0.506 என்று சுருக்கி இட்டார். சிறிது நேரம் பழைய கணிப்பும் புதியதும் ஒன்றாகவே போயின. பிறகு விலகத் தொடங்கி, இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றாகிவிட்டது. காற்றையும் வெப்பத்தையும் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் சிறு வழு எஞ்சும். நாட்கள் செல்லச் செல்ல அந்த வழு பெருகும். கணினியின் வேகத்தைக் கூட்டுவதால் மட்டும் இது தீர்ந்துவிடாது.

எவ்வளவு வேகமிருந்தாலும் கணினியால் விடுவிக்கவே முடியாத வினாக்களும் உண்டு. எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் அது என்றாவது ஓடி முடியுமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் பொதுவழி இல்லை. மின்னணுக் கணினிகள் வருவதற்கு முன், 1936-இல், அலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதைக் கணித முறையில் நிறுவினார். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. முடியாது என்பதையும் நிறுவ முடியும் என்பது அவர்களுக்குப் புதிது.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டால் பந்தி பந்தியாகப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பிள்ளைகள் உங்கள் தொலைபேசியில் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்குத் தெரியாமலும் பயன்படுத்துகிறார்கள். கன்னியா வெந்நீரூற்றுப் பற்றி ஒப்படை எழுதி வரச் சொன்னபோது, ஒரு பிள்ளை அங்கே ஒன்பது கிணறுகள் இருப்பதாக எழுதிவந்தது. நடை பிசகில்லாத, முதிர்ந்த தமிழ். அழைத்து விசாரித்தேன். அம்மம்மாவின் கிரியைக்காக அங்கே போயிருக்கிறது. ஒவ்வொரு கிணற்றிலும் வெவ்வேறு சூடு என்று சொல்லிச் சொல்லி மாமா தலையில் வாளி வாளியாக நீர் ஊற்றியதையும் சொன்னது. "எத்தனை கிணறுகள், ராசா?" என்றேன். "ஏழு" என்றது. "பிறகு ஏன் ஒன்பது?" என்றேன். "போனில் ஒன்பது என்று வந்தது."

இதைக் கேட்ட அன்று எனக்கு மனம் ஆறவில்லை. தன் தலையில் விழுந்த நீரை விடத் திரையில் வந்த எண்ணை அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறது. இந்தச் செயலிகள் ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்தே வாக்கியங்களைக் கட்டுகின்றன. கிணற்றடிக்குப் போய் எண்ணிப் பார்த்தது எதுவுமில்லை. நம் ஊரைப் பற்றித் தமிழில் இணையத்தில் இருப்பதும் குறைவு. குறைவாக இருக்கும் இடத்தில் பிழை கூடும். பிழையையும் சரியையும் ஒரே உறுதியான குரலில் சொல்வதால், ஏற்கெனவே விடை தெரிந்தவரால்தான் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே வாய்ப்பாடு தொடரும். 48-ஐ 52-ஆல் பெருக்கினால் 2,500-க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று மனதில் படுகிற பிள்ளை, ஒரு பூச்சியத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டுத் திரையில் 24,960 வந்தால் புருவத்தைச் சுளிக்கும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை அதை அப்படியே கொப்பியில் எழுதும். வாசிப்பும் தொடரும். ஒப்படைகளுக்கு இனி ஆசிரியர்கள் வாய்மொழியாகவும் கேள்வி கேட்பார்கள். பிள்ளை தான் எழுதியதை விளக்க வேண்டும். செயலியைப் பயன்படுத்தியிருந்தால் அதை மறைக்காமல் சொன்னாலே போதும், அதற்காகத் தண்டிக்க மாட்டோம்.

வீட்டில் உங்களிடம் நான் கேட்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை. பிள்ளை ஒரு விடயத்தைச் சொன்னால் அம்மாவோ வாப்பாவோ "இதை எங்கே பார்த்தாய்? வேறு யாரிடம் கேட்டாய்?" என்று கேளுங்கள். ஊரைப் பற்றியதென்றால் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். தொலைபேசியைப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க விடாதீர்கள். சில வாரங்களில் கணினி நிபுணராக்குகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் வகுப்புகளில் சேர்ப்பதற்கு முன் எங்கள் ஆசிரியருடன் ஒரு தடவை பேசுங்கள். இங்கே இலவசமாகக் கற்பதற்கே அங்கே சிலர் காசு கட்டுகிறார்கள்.

தரம் 6 பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. வெறுங்காலுடன் உள்ளே வர வேண்டும், உணவும் தண்ணீர்ப் போத்தலும் வெளியே. கடற்காற்றின் உப்பு உள்ளே படியாதிருக்க யன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறோம், ஆகையால் மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். இத்துடன் வரும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த பெற்றோர் கூட்டம் முடிந்ததும் கணினி அறை உங்களுக்காகத் திறந்திருக்கும். தரம் 8 பிள்ளைகள் அருகில் இருந்து காட்டித் தருவார்கள். வந்து உங்கள் பெயரைத் தமிழில் தட்டெழுதிப் பாருங்கள்.

இங்ஙனம்,
அதிபர்