ஒண்டிய எலக்ட்ரானுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள சேரன்மகாதேவி, பத்தமடை சுற்றுவட்டார மக்களுக்கு,

போன சனிக்கிழமை சாயங்காலம் பனிக்கட்டியின் மேல் எலக்ட்ரான் என்ன செய்கிறது என்று தமிழில் பேச ஆசைப்பட்டேன். தருவதாகச் சொன்ன கூடம் முந்தின நாள் ராத்திரி இல்லை என்றாகிவிட்டது. "களம் சும்மாதான கெடக்கு, வாங்க சார்" என்று ரைஸ்மில் அண்ணாச்சி சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்குப் பேச்சே நடந்திருக்காது. முதல் நன்றி அவருக்கு. ஐஸ் பார் கொண்டுவந்து இறக்கி, காசு வாங்காமல் போன தம்பிக்கும் நன்றி.

அந்த ஐஸைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஆய்வுக்கூடத்து ஐஸ் இப்படி இருக்காது. காற்றே இல்லாத கலத்துக்குள், சுமார் கழித்தல் 170 டிகிரியில், பளபளப்பான உலோகத்தின் மேல் நீராவியைப் படியவிடுவார்கள். சில மூலக்கூறு கனம்தான் இருக்கும். லேசர் துடிப்பு ஒன்று பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்பி ஐஸுக்குள் வரும். பெரும்பாலானவை வந்த வேகத்தில் உலோகத்துக்கே திரும்பிவிடும். அதற்கு ஆகும் நேரத்தை ஃபெம்டோ நொடியில்தான் அளக்க முடியும். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அது. ஆனால் ஒழுங்காகப் படிகமான ஐஸின் மேற்பரப்பில் சில எலக்ட்ரான்கள் நிமிடக் கணக்கில் தங்கிவிடுகின்றன.

எங்கே தங்குகின்றன? இதைப் புரியவைக்கத்தான் நான் திண்டாடினேன். பத்தமடையில் பாய் நெய்யும் அக்கா, கோரை ஒன்று விட்டுப்போன துண்டுப் பாயைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள். ஐஸும் அப்படி ஒரு நெசவுதான். வரிசை பிசகின இடத்தில் நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் முனை பிடிப்பில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்மின்னேற்றம் உள்ள எலக்ட்ரானை அந்த முனை இழுத்துக்கொள்ளும். பத்து வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இதைவிடத் தெளிவான படத்தை நான் கரும்பலகையில் வரைந்ததில்லை.

அப்புறம் முன்வரிசையில் இருந்த பெரியவர். எலக்ட்ரான் உட்கார்ந்தபின் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் மெல்ல மெல்லத் திரும்பி அதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் என்று சொன்னேன். "எருமை படுத்த பள்ளம் மாதிரிய்யா, படுக்கப் படுக்க ஆழமாகும்" என்றார். அப்படியேதான் ஐயா. ஃபெம்டோ நொடியில் தொடங்கி நிமிடங்கள் வரை அந்தப் பள்ளம் ஆழமாவதை பெர்லினில் அளந்து 2009ல் எழுதியிருக்கிறார்கள்.

'சிறைப்பட்ட எலக்ட்ரான்' என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை எழுந்து, "மழைக்குத் திண்ணையில ஒண்டுற மாதிரிதான சார்?" என்று கேட்டாள். அதிலிருந்து 'ஒண்டிய எலக்ட்ரான்' என்றே சொல்லி வருகிறேன். யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லையே, அது தானாகத்தானே ஒண்டுகிறது.

ஆனால் ஒண்டினது சும்மா இருப்பதில்லை. குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் முன்பு பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் மூலக்கூறு அந்த ஐஸின் மேல் வந்து படிந்தால், எலக்ட்ரான் அதற்குள் தாவும். கார்பனும் குளோரினும் சேர்ந்த பிணைப்பு அறுந்து, குளோரைடு அயனி, அதாவது எதிர்மின்னேற்றம் பெற்ற குளோரின், பிரியும். மேற்பரப்பிலேயே, வருகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் எலக்ட்ரான் இருப்பதால்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

"அப்போ ஓசோன் ஓட்டை இதனாலதானா?" என்று ஒரு தாய் கேட்டார்கள். அங்கேயே சுருக்கமாகச் சொன்னேன், இங்கே முழுதாகச் சொல்கிறேன் அம்மா. அந்த மூலக்கூறுகளை வளிமண்டலத்தின் மேலே புற ஊதா ஒளி உடைக்கும் என்று வேதியியல் அறிஞர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974ல் சொன்னார்கள். துருவத்து மேகங்களின் பனித்துகள் மேல் நடக்கும் வேதிவினைகள் ஓசோனை அழிக்கும் குளோரினை வீரியப்படுத்துகின்றன. எலக்ட்ரான்தான் முக்கியக் காரணம் என்று வாதிட்டவர்கள் உண்டு, பெரும்பாலான வளிமண்டல அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. உங்கள் கேள்விக்கு நன்றி, அது இல்லாவிட்டால் நான் பாதிக் கதையோடு இறங்கியிருப்பேன்.

கடைசிவரை இருந்து சாக்குகளை மடித்து வைத்த பிள்ளைகளுக்கும், சுக்குக்காப்பி போட்டுத் தந்த மைனிக்கும் என் வணக்கம். களத்தில் விட்டுப்போன ஒரு சொம்பும் ஒரு துண்டும் என் வீட்டில் இருக்கின்றன. அக்காவின் பாய்த் துண்டை மட்டும், அவர்கள் சம்மதித்ததால், பள்ளி ஆய்வகச் சுவரில் மாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் இயற்பியல் வாத்தியார்