கண்டீரவாவில் கிடைத்த கோப்பை

ஆசிரியருக்கு வணக்கம்.

2023 ஜூலை 4 இரவு தெற்காசியக் கால்பந்துக் கோப்பையை இந்தியா நம் மண்ணிலேயே வென்றபோது, தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் நானும் ஒருவன். காட்பாடியில் ரயிலேறி பெங்களூரு கண்டீரவா மைதானத்துக்குப் போயிருந்தேன். இறுதிப் போட்டியில் 14-வது நிமிடத்திலேயே எதிரணியான குவைத் கோல் போட்டதும் நெஞ்சு அடைத்துப்போனது. 38-வது நிமிடத்தில் நம் வீரர் சாங்தே சமன் செய்தார். அப்புறம் கூடுதல் நேரம், பெனால்டி. கடைசி உதையை நம் கோல்கீப்பர் குர்பிரீத் பாய்ந்து தடுத்தாரே, அந்த நொடியில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பெனால்டியில் 5-4. நமக்கு இது 9-வது பட்டம். வீரர்களின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள் ஐயா. வேலூர் கோட்டை மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

- கால்பந்து ரசிகன், காட்பாடி