முதல் போஸ்டிங்குக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்டாஃப் நர்ஸ் போஸ்டிங் ஆர்டர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லியோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.மோ, பெரியார் நகரோ, வடசென்னையில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாலும் உன்னைத் தேடி வருகிறவர்கள் ஒரே மாதிரிதான். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா, எண்ணூரில் ஒப்பந்த வேலை பார்க்கிற பீகார் பையன், வீட்டில் தெலுங்கு மட்டுமே பேசுகிற கொருக்குப்பேட்டைப் பாட்டி. டாக்டர்களின் ரவுண்ட்ஸ் கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்றதுமே இவர்களில் பலருக்கு வாய் அடைத்துவிடும். "டாக்டர் கோச்சுக்குவாரு" என்று வலியையும் சேர்த்து விழுங்கிக்கொள்வார்கள்.

நோயாளிக்காகப் பேசுவது செவிலியர் கடமை என்று கல்லூரியில் படித்திருப்பாய். யாரிடம், எப்போது, எந்தச் சொல்லில் பேசுவது என்பதைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை.

இரவு 2 மணி. குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள். "சார், 12-ம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று நீ போன் போட்டால், "சரி சிஸ்டர், காலையில பாக்கலாம்" என்றுதான் பதில் வரும். எதிர்முனையில் இருப்பவர் கெட்டவர் அல்ல. இரண்டு மூன்று வார்டுகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சி டாக்டர் (சி.ஆர்.ஆர்.ஐ.). 'ஒரு மாதிரி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவரால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

போனை எடுக்கும் முன் 5 நிமிடம் கட்டிலருகே நில். நாடி, பிபி, ஆக்சிஜன் அளவு எடு. மூச்சை முழு 60 வினாடி எண்ணு. பல கேஸ் ஷீட்டுகளில் 20, 20, 20 என்று ஒரே எண் வரிசையாக இறங்குவதைப் பார்ப்பாய். அது எண்ணாமல் எழுதியது. உடம்பு சரியத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகம். பிபி கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுத்தான் விழும். அதனால் 'பிபி நார்மல்' என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதே. யூரின் பையையும் பார். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது குறைந்தபட்சக் கணக்கு. இவருக்கு மணிக்கு 30 மில்லி, 4 மணி நேரத்தில் 120 மில்லி வந்திருக்க வேண்டும்.

இப்போது பேசு: "சார், ஆண்கள் சர்ஜரி வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 12-ம் பெட், குடல் ஆபரேஷன் ரெண்டாம் நாள். 10 மணிக்கு நாடி 92, இப்ப 118. மூச்சு 18-லிருந்து 28. 4 மணி நேரத்துல யூரின் 70 மில்லிதான். வயிறு இறுகியிருக்கு. உள்ளே ரத்தக்கசிவோ இன்ஃபெக்‌ஷனோ இருக்குமோன்னு பயமா இருக்கு. 10 நிமிஷத்துல நேர்ல வந்து பாருங்க. அதுவரைக்கும் என்ன செய்யட்டும்?"

நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள் என்ற இந்த நான்கு படிகளை எஸ்பார் (SBAR) என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பேச்சுமுறை. நம்மில் பலர் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறோம். கணிப்பு டாக்டரின் வேலை, நமக்கெதற்கு என்று தயக்கம். நோயின் பெயர் தெரியாவிட்டால் "என்னவென்று தெரியவில்லை, ஆனால் மோசமாகிக்கொண்டிருக்கிறார்" என்று சொன்னாலும் அது கணிப்புதான். நான்காம் படியான வேண்டுகோளை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதே. அது இல்லாத போன், தகவல் சொன்னதாக மட்டுமே முடியும்.

அவர் மருந்து சொன்னால், பெயர், அளவு, எந்த வழியாக என்று மூன்றையும் திருப்பிச் சொல்லி 'சரி' வாங்கிக்கொள். வந்ததும் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல். சொன்ன நேரத்துக்குள் அவர் வரவில்லையென்றால் டியூட்டி பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்), அடுத்து அசிஸ்டெண்ட் புரொபசர் என்று மேலே போ. முதலாமவரிடமே "நான் பி.ஜி. டாக்டருக்கும் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போ, முதுகுக்குப் பின்னால் போனதாக இருக்கக் கூடாது. கூடவே நைட் டியூட்டி சூப்பரிண்டெண்டுக்கும் தெரியப்படுத்து.

நர்ஸஸ் நோட்ஸில் 'டாக்டர் அலட்சியம்' என்று எழுதாதே. '2.10: இன்னாருக்குப் போன், நாடி 118, மூச்சு 28 தெரிவிக்கப்பட்டது. 2.30: மீண்டும் போன். 2.35: பி.ஜி. டாக்டருக்குத் தகவல். 2.50: நேரில் பார்த்தார்.' இது போதும். பின்னாளில் யார் கேட்டாலும் நோயாளிக்காகவும் உனக்காகவும் பேசப்போவது இந்த நான்கு வரிதான்.

கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் மனைவியோ அம்மாவோ வந்து "எப்பவும் இப்படி இருக்க மாட்டாரும்மா" என்றால் உடனே எழுந்து போ. அந்த மனிதரை 20 வருடமாகப் பார்த்தவர் கண்ணுக்குத் தெரிவது 2 நாள் பார்த்த நமக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 2024 முதல் பல மருத்துவமனைகளில், நோயாளி மோசமாகிறார் என்று தோன்றினால் குடும்பத்தாரே வேறொரு அவசரக் குழுவை நேரடியாகக் கூப்பிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இங்கே அவர்கள் அடிக்கிற அவசர மணி நீதான்.

அடுத்து, சம்மதக் கையெழுத்து. ஆபரேஷனை விளக்க வேண்டியது அதைச் செய்கிற டாக்டர். நாம் சாட்சி மட்டுமே. நடைமுறையில் தாளையும் ஸ்டாம்ப் பேடையும் நம் கையில் கொடுத்து "ரேகை வாங்கிடுங்க சிஸ்டர்" என்பார்கள். வாங்கும் முன் ஒரு கேள்வி கேள்: "வீட்டுக்குப் போன் போட்டா, நாளைக்கு என்ன ஆபரேஷன்னு சொல்வீங்க?" 'புரிஞ்சுதா' என்று மட்டும் கேட்காதே, எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "ஏதோ கட்டியாம்மா, எடுத்துடுவாங்களாம்" என்ற பதில் வந்தால் தாளை மடித்துவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடு. எந்த உறுப்பு, எடுத்த பிறகு என்ன மாறும், எடுக்காவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்பது நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும்: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் கர்ப்பப்பையை எடுப்பதற்கான சம்மதம் ஆகாது. உயிர் போகிற அவசரம் வேறு கணக்கு.

பிரசவ வார்டானால் இன்னும் கவனம். கருத்தடைக்கு வைக்கும் காப்பர்-டி பற்றி வலி உச்சத்தில் இருக்கும்போது கேட்டு வாங்கிய 'உம்' சம்மதமே அல்ல. கர்ப்பகாலச் செக்கப்பிலேயே சொல்லி, யோசிக்க விட்டுக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் தெரிகிறமாதிரி எழுதிவை. ஷிஃப்ட் மாறும்போது அந்த 'வேண்டாம்' காணாமல்போவதில்தான் தப்பு நடக்கிறது. குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து கட்டாயமில்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கும் அவள் சம்மதமே போதும். "அவர் வரட்டும்" என்று திருப்பி அனுப்பினால் சட்டம் கேட்காததை நாம் கேட்கிறோம்.

மொழி தெரியாதவர்களுக்குக் கூட வந்த மேஸ்திரியை வைத்துப் பேசாதே. அந்தப் பீகார் பையனுக்கு என்ன நோய் என்று அவன் முதலாளிக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்து அம்மாவின் மாதவிடாய்க் கதையைக் கேட்பதும் வேண்டாம். இந்தி, தெலுங்கு தெரிந்த சிஸ்டர் எந்த வார்டிலாவது இருப்பார். முதல் வாரத்திலேயே அவர்கள் பெயரை எழுதிவைத்துக்கொள்.

ரகசியமும் அப்படித்தான். 40 கட்டில் வார்டில் சத்தமாக ஒரு ரிசல்ட்டைப் படித்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். எச்.ஐ.வி. பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டம், சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. கேஸ் ஷீட் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதுவதும் கட்டிலில் தனி அட்டை தொங்கவிடுவதும் வெளியே சொல்வதுதான். கையுறை முதலான பாதுகாப்பை எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோலக் கடைப்பிடித்தால் அந்த அடையாளமே தேவைப்படாது.

குடும்பங்கள் அதிகம் திண்டாடுவது காகிதத்தில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்மிஷன் அன்றே "கார்டு இருக்கா?" என்று கேள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பு. இரண்டு அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று நீயே பார்த்துச் சொல்லிவிடு. ஓர் எழுத்து மாறினாலும் அலையவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேட்டால் ஒப்புதல் வராமல் தேதி தள்ளிப்போகும். துணைக்கு இருப்பவருக்கு அன்றாடக் கூலி. ஸ்கேன் வியாழக்கிழமைதான் என்று திங்களன்றே தெரிந்தால் இரண்டு நாள் வேலைக்குப் போய்விட்டு வருவார். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

இரண்டை மட்டும் செய்யாதே. "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று வாக்குக் கொடுக்காதே. டாக்டர் இன்னும் சொல்லாத ரிசல்ட்டையும் நீ முந்திச் சொல்லாதே. "டாக்டர் 11 மணிக்கு வருவார், கேட்க வேண்டியதை இந்தத் தாளில் எழுதிவைங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல். எழுதத் தெரியாவிட்டால் நீ எழுதிக்கொடு. ரவுண்ட்ஸில் அவர்களுக்கு வாய் வராவிட்டால், "சார், அம்மா ஒண்ணு கேக்கணும்னாங்க" என்று நீ தொடங்கிவை. மீதியை அவர்களே பேசிவிடுவார்கள்.

காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது மருந்தும் டிரிப்ஸும் சொன்னபின் கட்டிலருகே நின்று இதையும் சொல்: "5-ம் பெட் பாட்டிக்கு இடது காது கேக்காது, வலப்பக்கம் நின்னு பேசுங்க. ஆபரேஷன் பத்தி இன்னும் அவங்களுக்குப் புரியல, கையெழுத்து வாங்கல. மகன் படகுல போயிருக்கார், நாளைக்குத்தான் கரைக்கு வருவார். மருமகள் நம்பர் கேஸ் ஷீட்டுல இருக்கு."

அன்புடன்,
உன் சீனியர் அக்கா