பழைய கையடக்க விளையாட்டுகளின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோனாமி, கேப்காம், நின்டெண்டோ, சேகா உள்ளிட்ட நிறுவனங்களில் பழைய வீடியோ கேம்களின் உரிமைகளைக் கவனித்துவரும் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பழைய விளையாட்டுகளைத் தொகுத்து இன்றைய கையடக்கக் கருவிகளுக்காக நீங்கள் வெளியிடும் தொகுப்புகளைப் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கி விளையாடி வருகிறேன். அந்த உரிமையில் ஒன்றைக் கேட்கிறேன். தொகுப்புகளை முழுமையாக வெளியிடுங்கள். வெளியிட்டபின் விற்பனையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு கடையில் கிடைக்கவில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஆய்ந்து சொன்னது. நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவிகளான கேம் பாய் குடும்பத்தின் நிலை இன்னும் மோசம். அங்கே அப்போது கிடைத்தது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ ஆகிய விளையாட்டுக் கருவிகளின் இணையக் கடைகளில் புதிதாக வாங்குவது நிறுத்தப்பட்டது. இந்த நிலையில், மிகப் பல விளையாட்டுகளை நேர்வழியில் வாங்குவதற்கு எஞ்சியிருக்கும் வழி உங்கள் தொகுப்புகள்தாம்.

ஒரு நல்ல தொகுப்பு என்ன செய்ய முடியும் என்பதை 2021-இல் கோனாமி வெளியிட்ட காசல்வேனியா அட்வான்ஸ் கலெக்‌ஷனில் கண்டேன். அது கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த காசல்வேனியா என்னும் சாகச விளையாட்டு வரிசையின் தொகுப்பு. முதலில் வந்த அட்வான்ஸ் கருவியின் திரைக்குப் பின்னொளி கிடையாது. 2001-இல் அக்கருவியோடு வந்த சர்க்கிள் ஆஃப் தி மூன், இருண்ட கோட்டையை இருண்ட நிறங்களிலேயே வரைந்திருந்ததால், விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு எழுந்த குறையைக் கேட்டுத்தான், மறு ஆண்டு வந்த ஹார்மனி ஆஃப் டிஸ்ஸனன்ஸில் நிறங்களை வெளிறும் அளவுக்குக் கூட்டி, நாயகனின் உருவத்தைச் சுற்றி நீல விளிம்பும் வரைந்தார்கள். 2003-இல் அட்வான்ஸ் கருவியின் விளக்கு வைத்த வடிவமான எஸ்பி வந்தது. அவ்வாண்டின் ஆரியா ஆஃப் சாரோ இரண்டுக்கும் நடுவே நிதானமாக நிற்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து விளையாடும்போது ஒரு திரையின் குறைபாடு ஓவியர்களின் கையை எப்படித் திருப்பியது என்பது கண்முன்னே விரிகிறது. தனித்தனியாக விற்றிருந்தால் இதை நான் ஒருபோதும் கவனித்திருக்க மாட்டேன். வெவ்வேறு நாட்டுப் பதிப்புகளையும் பெட்டி ஓவியங்களையும் அதில் சேர்த்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

திரையின் அளவையும் அதே கவனத்தோடு அணுக வேண்டுகிறேன். கேம் பாயின் படம் 160-க்கு 144 பிக்சல், அதாவது படப்புள்ளிகள். நின்டெண்டோவின் பிந்தைய கருவியான முதல் ஸ்விட்ச்சின் திரை உயரம் 720 பிக்சல். அதாவது சரியாக ஐந்து மடங்கு. அட்வான்ஸின் 160 வரிகளை நான்கு மடங்காக்கினால் 640 வரும், மேலும் கீழும் சிறிது கறுப்பு விளிம்பு நிற்கும். அந்த விளிம்பை விட்டுவைக்க மனமில்லாமல் படத்தை இழுத்து நிரப்பினால், ஒரு பிக்சல் தடித்தும் அடுத்தது மெலிந்தும் போய், காட்சி நகரும்போது கோடுகள் நெளிகின்றன. முழுமடங்கு அளவை ஒரு தேர்வாகவேனும் எல்லாத் தொகுப்பிலும் தாருங்கள்.

இனி என் மனக்குறை. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பாகங்களின் பெயர்களும் அட்டையில் பெரிதாக அச்சிடப்பட்ட ஒரு தொகுப்பை, வெளிநாட்டிலிருந்து சுங்கவரியும் கட்டி வரவழைத்தேன். பிரித்துப் பார்த்தால் கருவியில் செருகும் கார்டில் முதல் பாகம் மட்டுமே இருந்தது. இரண்டாவதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த இணையக் கடையும் ஒருநாள் மூடப்படும்போது, என் அலமாரியில் இருக்கும் பெட்டி பாதி வெற்றுப் பெட்டிதானே?

கையில் நின்டெண்டோ கருவி இருந்தும் கிடைக்காமற்போன தொகுப்பும் உண்டு. மாரியோ த்ரீடி ஆல்-ஸ்டார்ஸ் 2020 செப்டம்பர் 18 அன்று வெளிவந்தது. 2021 மார்ச் 31-உடன் அதன் இணைய விற்பனை நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் கையில் காசில்லாத ஒரு மாணவன் என்ன செய்வான்? இசைக்கோ பாத்திரங்களுக்கோ பெற்ற உரிமக் காலம் முடிவதால் எடுக்க வேண்டிவந்தால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. உங்கள் சொந்தப் படைப்பை நீங்களே திரும்பப் பெறுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

நேர்வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிவார்கள். தொண்ணூறுகளில் எங்களுக்குக் கிடைத்தவை போலிக் கருவிகளும், பல்லாயிரம் விளையாட்டுகள் என்று எண் போட்ட போலிக் கேசட்டுகளும். உள்ளே இருந்தவை சில பத்து விளையாட்டுகளே. அவையே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். பலவற்றில் நிறுவனத்தின் பெயரையே அழித்திருந்தார்கள். நாங்கள் உயிராக நேசித்தவற்றை உருவாக்கியவர் யார் என்று தெரியாமலே வளர்ந்தோம்.

ஆகவே, அடுத்த தொகுப்பில் அசல் படைப்பாளிகளின் பெயர்களை உள்ளே ஒரு பக்கமாகவேனும் சேர்த்துவிடுங்கள். கார்டில் எவை இருக்கின்றன, எவற்றை இறக்க வேண்டும் என்பதை அட்டையின் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். விற்பனையை நிறுத்தியே தீரவேண்டும் என்றால் ஓராண்டு முன்னதாகவே நாளைச் சொல்லிவிடுங்கள்; நாங்கள் சேர்த்துவைத்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்புகளை வாங்கிவரும் ஒருவன்